ஆறு குழாய்த் தொட்டி

வீடு பார்க்கப் போன அன்று பிரேமலதா அறைகளைப் பார்க்கவில்லை. நேரே பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் கட்டைவிரல் தடிமனுக்கு விழுந்தது. எண்ணிக்கொண்டு நின்றாள். இருநூறு எண்ணியும் குறையவில்லை.

"போர் தண்ணி," என்றார் தரகர் பூவனலிங்கம். "உப்பு. வாயில வைக்க ஏலாது. ஆனா வத்தாது."

"வத்தாதுல்லா அண்ணாச்சி?"

"சுத்துப்பட்டுக் கரிசல் பூரா வெடிச்சுக் கெடந்தப்பவும் இது வத்தல."

"அப்ப இதையே முடிச்சிருங்க."

கயத்தாறு சாலையில் ஊர் முடிந்து கரிசல் காடு தொடங்கும் இடம். முன்பு அது தீப்பெட்டி செய்யும் ஆபீஸ். மூடிப் பல வருடம் ஆகியிருந்தது. முன்பாதியைத் தடுத்து வீடாக்கியிருந்தார்கள். பின்கட்டை யாரும் தொடவில்லை. அங்கே சுவரோரம் நீளமான சிமெண்டுத் தொட்டி. அதன்மேல் வரிசையாக ஆறு குழாய்கள். தொட்டியின் விளிம்பு ஆறு இடங்களில் மட்டும் தேய்ந்து குழிந்திருந்தது.

பழைய வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னதற்குக் காரணமே தண்ணீர்தான். அந்தத் தெருவில் பத்து நாளைக்கு ஒருமுறை குழாய் வரும். நான்கு குடித்தனத்துக்குப் பிடித்து வைத்ததை மகள் பிரியா ஒருத்தி இரண்டு நாளில் தீர்த்துவிடுவாள்.

பிரியாவுக்குப் பதினாறு வயது. முழுப்பெயர் ஜெயப்பிரியா. இரண்டு வருடமாகக் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

அப்படித்தான் சொல்ல வேண்டும். வேறு எதற்கும் நேரமில்லை. கதவுப் பிடியைத் தொட்டால், செருப்பின் நிழல் காலில் பட்டால், பக்கத்தில் யாராவது இருமினால் கழுவ வேண்டும். முழங்கை வரை. விரல் விரலாக. பதினொன்றாம் வகுப்பு பாதியில் நின்றுபோனது. கைகள் வெந்த இறைச்சி நிறத்துக்கு வந்திருந்தன. கணுக்களில் தோல் வெடித்து நீர் கசிந்தது. அந்த நீரும் அவளுக்கு அழுக்கு. அதையும் கழுவினாள்.

கழுவி முடித்ததும் அம்மாவைக் கூப்பிடுவாள்.

"யம்மா, போயிருச்சா?"

"போயிருச்சு."

ஏழு முறை கேட்பாள். ஏழு முறையும் ஒரே குரலில் பதில் வர வேண்டும். குரல் சலித்தால், கண் வேறு பக்கம் போனால், நடுவில் தும்மினால், முதலிலிருந்து கழுவ வேண்டும். பிரேமலதா தும்மாமல் இருக்கக் கற்றுக்கொண்டாள்.

ஒன்றை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. மகளின் கைகளைப் பார்த்தால் அவளுக்குக் குமட்டியது. சோப்பில் ஒட்டியிருக்கும் மஞ்சள் தோல் துணுக்குகளைப் பார்த்தால் சோறு இறங்கவில்லை. பெற்றவளுக்கு அருவருப்பு வரக்கூடாது என்று நினைத்தாள். வந்தது. அதை மறைக்கத்தான் அவ்வளவு திருத்தமாகப் பதில் சொன்னாள்.

வத்தாத தண்ணீர் கிடைத்ததும் பிரியா தொட்டியடியிலேயே நின்றுவிட்டாள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை. மூன்றாம் மாதம் அங்கேயே மயங்கி விழுந்தாள்.

திருநெல்வேலி மருத்துவர் பிரியாவிடம் ஒரு மணி நேரம் பேசினார். பிறகு பிரேமலதாவைக் கூப்பிட்டார்.

"போயிருச்சான்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"போயிருச்சுன்னு சொல்லுவேன் சார்."

"அந்தப் பதில்தான் நோய்க்குத் தீனி. நீங்க சொல்லச் சொல்ல அது திரும்பக் கேக்கும். ஆறு வாரம் இங்க இருக்கட்டும். கூட அவங்க அப்பா இருக்கட்டும்."

"நான் இருக்கக்கூடாதா?"

"நீங்க இருந்தா பதில் சொல்லிருவீங்க."

அவள் கணவன் விஜயராஜ் லாரி புக்கிங் ஆபீஸைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு மகளுடன் தங்கினான். பிரேமலதா தனியாகப் பேருந்து ஏறினாள்.

முதல் மூன்று நாள் வீடு அமைதியாக இருந்தது. தண்ணீர் விழாத வீட்டில் எவ்வளவு சத்தங்கள் இருக்கின்றன என்று அப்போதுதான் தெரிந்தது. ஓட்டில் வெயில் ஏறும் சத்தம். சாலையில் லாரி கியர் மாற்றும் சத்தம்.

நான்காம் நாள் மதியம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். உச்சி வெயில். மின்சாரம் இல்லை.

"போயிருச்சா?"

"போயிருச்சு," என்றாள்.

"போயிருச்சா?"

"போயிருச்சு."

ஏழு முறையும் சொல்லி முடித்தாள். அரிசியைப் பானையில் போட்டாள். அடுப்பைப் பற்ற வைக்கக் குச்சியைக் கிழித்தாள்.

குச்சி விரல் வரை எரிந்தது.

பிரியா திருநெல்வேலியில் இருந்தாள்.

பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தாள். யாருமில்லை. மூன்றாவது குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேரே விளிம்பில் ஈரம். ஒரு நாற்றம் இருந்தது. வேகவைத்த தோலைப் போல, சீழைப் போல, கொஞ்சம் கந்தகம் கலந்து.

காது பழகிவிட்டது, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டாள்.

மறுநாளும் அதே நேரத்துக்குக் கேட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அது நிற்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தது. கோபமில்லை, அழுகையில்லை. வெறும் கேள்வி. மாலை நான்கு மணிக்கு அவளால் முடியவில்லை.

"போயிருச்சு," என்றாள்.

ஏழோடு நின்றது.

அதன்பிறகு அவள் காத்திருக்கவில்லை. கேட்டதும் சொல்லிவிடுவாள். அதுவே சுலபமாக இருந்தது. யார் கேட்கிறார்கள் என்று யோசிப்பதைவிடச் சுலபம்.

பக்கத்துக் காட்டில் ஆடு மேய்க்கும் சந்தனமாரி ஒருநாள் வேலியருகே நின்று சத்தம் போட்டாள்.

"ஏ பிள்ள, வீட்டுக்குள்ள என்ன சாயப்பட்டறையா நடத்துத? பகல் பூரா ஓடையில தண்ணி வருது. எங்காட்டுக் கரிசலு சேறாக் கெடக்கு. ஆடு கால வச்சா புடுங்கிக்கிடுது."

"நான் தண்ணியே தொறக்கலையேக்கா."

"பின்ன உங்க மாமியாரா தொறந்தாவ? இதுல ஒரு கூத்து, அந்தத் தண்ணிய ஆடு குடிக்க மாட்டேங்கு. மோந்து பாத்துட்டுத் திரும்பிருது. அந்தக் காலத்து நாத்தம் அப்பிடியே வருது."

"எந்தக் காலத்து நாத்தம்?"

"நான் இங்கன எட்டு வருசம் மருந்து முக்குனவல்லா. தீக்குச்சிக்கு மருந்து முக்குறது. அதுல வச்சிரம் சேப்பாவ. மாட்டுத்தோலக் காய்ச்சுன பசை. கையில ஏறிட்டா லேசுல போவாது. ஆறு குழாயிலயும் வரிசையா நின்னு கழுவுவோம். ஒருத்தி கைய ஒருத்தி மோந்து பாப்போம். போயிருச்சாட்டின்னு கேப்போம்."

பிரேமலதா வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன பதில் சொல்லுவிய?"

"போவலட்டி, நாறுதுன்னுதான். உள்ளதச் சொல்லிட்டுச் சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போயிருவோம். புருசமாரு மூக்கப் பொத்திக்கிட்டுப் படுத்துக்கிடட்டும்."

"யாராச்சும் போயிருச்சுன்னு சொல்லிட்டா?"

"எதுக்குப் பொய் சொல்லணும்?" சந்தனமாரி சிரிப்பை நிறுத்தினாள். "ஒருத்தி மட்டும் வீட்டுக்கே போக மாட்டா. மூணாங் குழாயில நின்னு..."

"யாரு?"

"ஏய், அந்தா கிடா வெள்ளாமையில வாய வைக்குது பாரு," என்று கல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திரும்பி வரவில்லை.

அன்று தொட்டி நிரம்பி வழிந்தது. அடைப்பு. பிரேமலதா முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு ஓட்டைக்குள் கையை விட்டாள். கொழகொழவென்று வந்தது. சோப்புச் சளி. முடி. வெளுத்த பசைக் கட்டிகள். பிறகு மெல்லியதாக ஒன்று. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

விரல் தோல். உறை போல முழுசாகக் கழன்றிருந்தது. நுனியில் ரேகை இருந்தது.

பிரியாவுடையதாக இருக்கும் என்று நினைத்தாள். அப்படி நினைக்கத்தான் விரும்பினாள்.

ஆனால் அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தது. பதினாறு வரை எண்ணினாள். பிறகு வாந்தி எடுத்தாள். எல்லாவற்றையும் பாலித்தீன் பையில் கட்டிக் காட்டில் வெடிப்பு விழுந்த இடத்தில் ஆழமாகத் திணித்தாள்.

அன்றோடு பதில் சொல்வதை நிறுத்தினாள். கேள்வியும் இரண்டொரு நாளில் நின்றது.

ஆறு வாரம் முடிந்து பிரியா வந்தாள். கன்னம் சற்றுப் பூரித்திருந்தது. கையில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக ஏறியிருந்தது. வாசலில் நாய்க்குட்டியைத் தொட்டாள். முகம் வெளிறியது. ஆனால் பின்கட்டுக்கு ஓடவில்லை.

"பாத்தியாளா?" என்றான் விஜயராஜ். "நம்ம பிள்ளதான்."

மருத்துவர் ஒரு பயிற்சி கொடுத்து அனுப்பியிருந்தார். தினமும் மதியம் வாசற்படியை உள்ளங்கையால் தேய்க்க வேண்டும். கழுவாமல் அதே கையால் சாப்பிட வேண்டும். தாயும் சேர்ந்து செய்ய வேண்டும். தாய் கழுவினால் பிள்ளையும் கழுவும். ஒரு நாள் தவறினால் ஆறு வாரமும் வீண்.

"நீ செய்வியாம்மா?"

"செய்வேன்டி."

"கழுவ மாட்டல்லா?"

"மாட்டேன்."

முதல் நாள் மதியம். விஜயராஜ் ஆபீஸுக்குப் போயிருந்தான். இருவரும் படியைத் தேய்த்தார்கள். கரிசல் தூசி கையில் அப்பியது. தரையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தயிர்சாதம். பிரியாவின் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. கையைச் சோற்றுக்கு மேலே பிடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தாள்.

பின்கட்டில் குழாய் திறந்தது.

பிரியாவிடம் அசைவில்லை. அவளுக்குக் கேட்கவில்லை.

"போயிருச்சா?"

பிரேமலதா வாயை இறுக்கினாள்.

"போயிருச்சா?"

இப்போது நடைவழியிலிருந்து கேட்டது. ஈரக்கால் சத்தம். பொளக், பொளக்.

"யம்மா, நீ மொதல்ல சாப்பிடு," என்றாள் பிரியா. "அப்பதான் நான் சாப்பிடுவேன்."

"போயிருச்சா?"

வச்சிர நாற்றம் அறையை நிரப்பியது.

ஐந்து. ஆறு.

ஏழாவது காதுமடலில் கேட்டது.

அவள் பதில் சொல்லவில்லை.

எதுவோ அவள் வலது கையைப் பிடித்தது. பிரியா என்று நினைத்தாள். பிரியாவின் இரண்டு கைகளும் அவள் தட்டுக்கு மேலே இருந்தன.

அந்தப் பிடி சில்லென்றிருந்தது. வழுவழுவென்றிருந்தது. அதில் தோல் இல்லை. அவள் விரல் ஒவ்வொன்றையும் அது தேய்த்தது. கணுக்களுக்கு இடையில், நகத்தின் அடியில், பொறுமையாக. கழுவிவிடுவதைப் போல. பிறகு விட்டது.

கையில் வெளுத்த பசை பூசியிருந்தது. மோதிர விரலில் ஒரு தோலுறை மாட்டியிருந்தது. நுனியில் ரேகை.

"என்னம்மா கையப் பாக்க? கழுவப் போறியா?"

பிரியாவின் தோள் மெல்லப் பின்கட்டுப் பக்கம் திரும்பியது. அந்தத் திருப்பத்தைப் பிரேமலதா இரண்டு வருடம் பார்த்திருக்கிறாள்.

"இல்லட்டி," என்றாள். "எதுக்குக் கழுவ?"

கையைச் சோற்றில் வைத்தாள். பிசைந்தாள். பசை தயிரோடு நூல் நூலாக இழுத்தது. உருண்டை பிடித்தாள். வாயில் வைத்தாள்.

மென்றாள். பல்லில் ரப்பர் போல ஒன்று வழுக்கியது.

விழுங்கினாள்.

பிரியா சிரித்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு. அவளும் ஒரு வாய் எடுத்தாள். இன்னொரு வாய். தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

பின்கட்டுக் குழாய் தானாக மூடிக்கொண்டது.

மறுநாள் சந்தனமாரி வேலியில் நின்று, ஓடை காய்ந்துவிட்டது, நல்லாயிருப்ப பிள்ள, என்று சொல்லிவிட்டுப் போனாள். பிரேமலதா பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தாள். ஆறு குழாயும் உலர்ந்திருந்தன. தொட்டியில் எறும்பு ஊர்ந்தது. எந்த நாற்றமும் இல்லை.

மதியம் படியைத் தேய்த்தார்கள். உட்கார்ந்தார்கள். பிரியா அம்மாவுக்காகக் காத்திருக்கவில்லை. தானே முதல் வாயை எடுத்துவிட்டாள். பிரேமலதாவின் கண் நிறைந்தது.

அப்போது கேட்டது.

"போயிருச்சா?"

மிக அருகில். பிரியா தலைநிமிர்ந்தாள். இந்த முறை அவளுக்கும் கேட்டிருந்தது. கொஞ்ச நேரம் அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேம்மா," என்றாள் மெதுவாக. "சொன்னா திரும்பத் திரும்பக் கேப்ப."

பிரேமலதா இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விரல்களுக்கு நடுவிலிருந்து இரண்டாவது முறை கேட்டது.