உங்களைக் கூப்பிடவில்லை

மலேசியாவில், ஈப்போவின் தனியார் பள்ளி ஒன்றில் நான் கணக்கு ஆசிரியையாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அம்பாசமுத்திரத்தில் அம்மா தனியாக இருந்தாள். தீபாவளிக்கு ஐந்து நாள் விடுமுறைதான் கிடைத்தது, ஊருக்குப் போய்த் திரும்ப அது போதாது. குனோங் ராபாட் பகுதியில் இருந்த வாடகை அறையில் முடங்கிக் கிடக்க வேண்டாம் என்று, கூட வேலை செய்யும் தினேஸ்வரி தன் வீட்டுக்கு அழைத்தாள்.

லகாட் ஊரைத் தாண்டியதும் பாதை குறுகியது. ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் இருந்த இடமெல்லாம் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. அந்த நிழலுக்குள் கார் நுழைந்தபோது தினேஸ்வரி, மலேசியத் தமிழர் வழக்கப்படி 'லா' சேர்த்துச் சொன்னாள்:

"வீட்டுல உன் பேரச் சொல்லாத லா. டீச்சர்னு மட்டும் சொல்லி வச்சிருக்கேன்."

"ஏன்?"

"என் தங்கச்சி பேரும் துளசிதான். நாலு வருஷம் முந்தி, இதே மாதிரி ஸ்கூல் லீவுல, பின்னாடி, முன்ன ஈயம் தோண்டுன குட்டைல விழுந்துட்டா. அம்மா இன்னும் தேறல."

தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீடு அது. தினேஸ்வரியின் அப்பா சதாசிவம் என் பையை வாங்கிக்கொண்டார். அம்மா மங்களம் சமையலறையில் மீ கோரேங் நூடுல்ஸ் பிரட்டிக்கொண்டிருந்தார். இறந்த மகளுக்குப் பிடித்தது அது. தீபாவளிக்கு முந்தின மாலை செத்தவர்களுக்குப் படைப்பது அங்கே வழக்கம். இலை போட்டு, புதுத்துணி வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பார்கள்.

"நீ சீக்கிரம் குளிச்சிட்டு பின்பக்கமா வெளிய வந்துடு," என்றாள் தினேஸ்வரி.

நான் தாமதித்துவிட்டேன். குளியலறையில் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது வாசலிலிருந்து குரல் கேட்டது.

"துளசி... நேரமாச்சு, சாப்பிட வாம்மா."

எட்டு மாதமாக என்னை யாரும் அப்படிச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. காதில் தண்ணீர். கண்ணில் சோப்பு. ஒரு கணம் அம்பாசமுத்திரம்தான்.

"இந்தா வாரேம்மா!" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது.

வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவசரமாக உடுத்திக்கொண்டு பின்கதவுக்குப் போனேன். தாழ்ப்பாள் அசையவில்லை. வேறு வழி கூடத்தின் வழியாகத்தான்.

கூடத்தில் குத்துவிளக்கு மட்டும் எரிந்தது. சாம்பிராணிப் புகைக்கு அடியில் இன்னொரு வாடை. தேங்கிய தண்ணீரின் வாடை.

இலைக்கு முன்னால் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

முதுகு தெரிந்தது. தலைமுடியிலிருந்து நீர் சிமெண்டுத் தரையில் சொட்டியது. நெடுநாள் பட்டினி கிடந்தவள் போல வாரி வாரித் தின்றாள்.

கை நின்றது.

"அம்மா உங்களக் கூப்பிடல, அக்கா."

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"என்னைத்தான் கூப்பிட்டாங்க. நீங்க ஏன் வாரேன்னு சொன்னீங்க?"

"தெரியாம... சொல்லிட்டேன்."

"பரவால்ல." மறுபடி மென்றாள். "உங்களுக்கும் அம்மா இருக்காங்களா?"

"ம்."

"எங்க?"

சொல்லியிருக்கக் கூடாது. பயத்தில் ஊரைச் சொன்னேன், தெருவையும் சொன்னேன்.

வாசலில் மூன்று முறை தட்டிவிட்டுக் கதவைத் திறந்தார்கள். இலை முன்னால் யாரும் இல்லை. இலை வழித்துத் துடைத்தாற்போல் இருந்தது. மங்களம் இலையைப் பார்த்தார், பிறகு அப்படியே தரையில் சரிந்து அழுதார். தினேஸ்வரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனாள்.

அன்றிரவு நான் கண்ணை மூடவில்லை. விடிந்ததும் மங்களம் என் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்தார். விரல்கள் இதமாக இருந்தன.

"நாலு வருஷமா அவ இந்த வீட்டுக்குள்ளேயே நடக்குற மாதிரி இருக்கும், டீச்சர். நேத்தோட இல்ல. எங்கயோ போயிட்டா."

எண்ணெய்த் தலையோடு எழுந்து ஓடி கைப்பேசியை எடுத்தேன். ஊரில் இன்னும் விடிந்திருக்காது, ஆனால் தீபாவளிக் குளியலுக்கு அம்மா எழுந்திருப்பாள்.

நெடுநேரம் அடித்த பிறகு அம்மா எடுத்தாள்.

"யாரு?"

"அம்மா, நான்தான். துளசி."

"எந்தத் துளசி? எம் மவ விடியக்காலமே வந்துட்டாளே! மலேசியாவுல இருந்து சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கா. இப்பத்தான் சாப்பிட உக்காந்திருக்கா."

"அது நான் இல்லம்மா! வீட்டை விட்டு வெளியே போம்மா!"

யாரோ அவசரமாக மெல்லும் சத்தம் கேட்டது. பிறகு, அம்மாவுக்கு மிக அருகில், என் குரல் பேசியது.

"போனை வைங்கம்மா. யாரோ தெரியாதவங்க லா."