ஒரு மடக்கு, அண்ணி

யோங் பெங்கிலிருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி பாலோ ஊருக்குள் நுழையும்போதே மழை பிடித்துக்கொண்டது. செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய மண் பாதையில் கார் வழுக்கி வழுக்கிப் போனது. என் மடியில் கருவாட்டுக் குழம்புச் சட்டி. ஒவ்வொரு பள்ளத்திலும் அதை இறுக்கிப் பிடித்தபடி என் வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

"மெதுவா ஓட்டுங்களேன். கொட்டுச்சுன்னா உங்க தங்கச்சிதான் வந்து என்னைக் கேப்பா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. என் வீட்டுக்காரர் லோகேஸ்வரன் கண்ணாடியில் வழிந்த தண்ணீரையே பார்த்து ஓட்டினார்.

அவருடைய தங்கை ரூபினி இறந்து அன்று எட்டாம் நாள்.

எனக்கு அவள் நாத்தனார். அதற்கும் முன்னால் தோழி. தோட்டத்துப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பொட்டலத்து நாசி லெமாக் சோற்றைப் பங்கு போட்டுத் தின்றவர்கள் நாங்கள். "எங்க அண்ணனைக் கட்டிக்கடி மதி, காலம் பூரா சண்டை போட்டுக்கிட்டு ஒண்ணா இருக்கலாம்" என்று தரகு பார்த்தவளே அவள்தான். கட்டிக்கொண்டேன். ஆனாலும் அவளுக்கு நான் சந்திரமதிகூட இல்லை, வெறும் மதிதான். 'அண்ணி' என்று அவள் வாயில் வந்தால் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

கடைசி இரண்டு வருடம் அந்த 'அண்ணி'யை நிறையக் கேட்டேன். எல்லாம் தண்ணீருக்காக.

இரண்டு கிட்னியும் போய்விட்டது அவளுக்கு. குளுவாங் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு ஒரு சின்னப் போத்தல் தண்ணீர்தான், அதற்கு மேல் ஒரு சொட்டு போனாலும் நெஞ்சில் தேங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் புருஷன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். மகள் பிரவீனா பள்ளி முடிக்கிற வயசுப் பெண், அம்மா அழுதால் கொடுத்துவிடுவாள். ஆகவே தினமும் யோங் பெங்கிலிருந்து வந்து காவல் காப்பது என் வேலை ஆயிற்று. ரோஸ் நிறப் போத்தலில் சிவப்பு நெயில் பாலிஷால் கோடு போட்டேன். கோடு வரைக்கும் அவளுக்கு, மேலே ஊற்றினால் கீழே கொட்டுவேன்.

"ஒரு மடக்கு, அண்ணி. ஒரே ஒரு மடக்கு."

"அறை வேணுமா உனக்கு?"

மனசு கேட்காமல் ஐஸ் மட்டும் கொடுப்பேன். ஐஸ் கட்டியை வாயில் போட்டு அடக்கிக்கொண்டால் தாகம் கொஞ்சம் தணியும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். இவளுக்கு அடக்கவா தெரியும்? கடுக் கடுக் என்று கடிப்பாள். குளுவாங்கிலிருந்து திரும்பும்போதெல்லாம் காரில் பின்சீட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டே இருக்கும்.

ஒரு நாள் விடிகாலையில் குளியலறைத் தொட்டியில் குவளை குவளையாக மொண்டு குடித்துவிட்டாள். தொட்டியோரம் விழுந்து கிடந்தவளைப் பிரவீனாதான் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

'பாவம், கேட்டபோது கொடுத்திருக்கலாமே' என்று சாவு வீட்டில் ஒருத்தி சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஏன் கொடுக்க வேண்டும்? அவள் எனக்கு உயிரோடு வேண்டும். அதனால் கொடுக்கவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

வீட்டு வாசலில் பிரவீனா நின்றிருந்தாள். பலகை வீடு மழையில் ஊறி ஒரு புளித்த வாசனை அடித்தது. அதற்கு மேல் சாம்பிராணி. அதற்கும் அடியில், டயாலிசிஸ் ஊசி குத்திய ரூபினியின் கைக்குத் தடவும் ஸ்பிரிட் வாசனை, இன்னும் போகாமல்.

"வாங்க அத்தை" என்றாள். உதடு வெடித்திருந்தது.

"சாப்பிட்டியாடி?"

"தண்ணியாத்தான் குடிக்கிறேன் அத்தை, வேற எதுவும் எறங்கல."

அப்போது அதை நான் காதில் வாங்கவில்லை. வேலை அப்படி. எங்கள் பக்கம் எட்டாம் நாள் சாயங்காலம், போனவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் அவர்கள் படுத்திருந்த அறையில் படைத்து, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்போம். வந்து தொட்டுவிட்டுப் போவார்கள் என்பது நம்பிக்கை. யோங் பெங்கில் டயர் கடை வைத்திருக்கும் வீரமுத்து மாமாதான் எங்கள் சொந்தத்தில் இதையெல்லாம் முன்னின்று செய்பவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார்.

இலையைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கருவாடு, வாழைப்பழம், டுரியான், உருளைக்கிழங்கு, கோப்பி. இரண்டு வருடமாக டாக்டர் கூடாது கூடாது என்று சொன்னதெல்லாம் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தது. தின்னுடி, இனி உன்னை யார் கேட்கப்போகிறார்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"தண்ணி வெக்கலியே. சந்திரமதி, அந்தச் செம்ப நெரப்பு" என்றார் மாமா.

செம்பு நிறையக் குடத்திலிருந்து ஊற்றினேன். பிறகு, பாதியைத் திரும்பக் குடத்திலேயே கொட்டினேன்.

பிரவீனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இன்னிக்குமா?"

கை அப்படியே நின்றுவிட்டது. இரண்டு வருடப் பழக்கம், கை தானாகச் செய்துவிட்டது. திரும்ப நிரப்பப் போனேன். அதற்குள் மாமா செம்பைப் பிடுங்கி இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு விளக்கை ஏற்றினார்.

"மாமா, கொஞ்சம் இருங்க. செம்பு பாதிதான் இருக்கு."

"வெளக்கு ஏத்தியாச்சி லா. இனிமே யாரும் கை வெக்கக் கூடாது. வெளிய வாங்க."

கதவு சாத்தப்பட்டது.

கூடத்தில் எல்லோரும் பாயில் உட்கார்ந்தோம். பேசக் கூடாது. இருட்டிக்கொண்டு வந்தது, ஆனால் மழை விடவில்லை. தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு நொடியில் மழை நின்றது. கூரையோரம் சொட்டுவதுகூட நின்றது.

கடுக்.

நான் லோகேஸ்வரனைப் பார்த்தேன். அவர் கதவைப் பார்த்தார்.

கடுக். கடுக்.

பல்லுக்கு நடுவில் ஐஸ் உடைகிற சத்தம். அந்த அறையில் ஐஸ் கிடையாது. நானே பார்த்துப் பார்த்துப் படைத்த இலை, அதில் ஐஸ் கிடையாது.

"எலியா இருக்கும்" என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். இரண்டு வருடம் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டவர் அவர்.

பிறகு அது அவசரமாகக் கடிக்கத் தொடங்கியது. ஒன்று முடிவதற்குள் அடுத்தது. பசித்தவர்கள் சோற்றை அள்ளிப் போடுவார்களே, அந்த வேகம். என்னடி ஆச்சு ரூபினி, எட்டு நாளாக நாக்கு வறண்டா கிடக்கிறாய்?

சத்தம் நின்றது. மாமா எழுந்து கதவைத் தட்டிவிட்டுத் திறந்தார்.

விளக்கு ஆடாமல் எரிந்தது. இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. செம்பு மட்டும் பக்கவாட்டில் கிடந்தது. பாய் நனையவில்லை. எடுத்துப் பார்த்தேன். உள்ளே துடைத்தெடுத்த மாதிரி காய்ந்திருந்தது. வெளியே மட்டும் விரல் வலிக்கும் அளவுக்குக் குளிர்.

"வந்து ஏத்துக்கிட்டாங்க" என்றார் மாமா. பெண்கள் அழத் தொடங்கினார்கள். அந்த அழுகைக்கு நடுவில்தான் பிரவீனா அங்கே இல்லை என்று கவனித்தேன்.

பின்கட்டிலிருந்து தண்ணீர் சத்தம் வந்தது.

குளியலறைக் கதவு திறந்திருந்தது. தொட்டியோரம், அவள் அம்மா விழுந்து கிடந்த அதே இடத்தில், பிரவீனா மண்டியிட்டிருந்தாள். பிளாஸ்டிக் குவளையால் மொண்டு மொண்டு குடித்துக்கொண்டிருந்தாள். சட்டை முழுக்க நனைந்திருந்தது. தொட்டியில் பாதிக்கு மேல் காலி.

"அலமாக்! என்னடி பண்றே? போதும் விடு!"

அவள் திரும்பினாள். கண் நிறையப் பயம்.

"நிறுத்த முடியல அத்தை" என்று கிசுகிசுத்தாள். "எனக்குத் தாகமே இல்ல. வயிறு வலிக்குது. எட்டு நாளா இப்படித்தான்... இன்னிக்கு விடவே மாட்டேங்குது."

சொல்லும்போதே கை குவளையைத் தொட்டிக்குள் விட்டது. நான் பிடுங்கினேன். குனிந்து வாயாலேயே உறிஞ்சினாள். இடுப்பைப் பிடித்து இழுத்தேன். என் மேலேயே வாந்தி எடுத்தாள். வெறும் தண்ணீர், பச்சைத் தண்ணீர். எடுத்த மறுநொடி மறுபடியும் தொட்டிக்குப் பாய்ந்தாள். அவள் கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. கருவிழி மேலே செருகியது. இப்படியே விட்டால் இந்தப் பெண் என் கையிலேயே போய்விடும் என்று தெரிந்தது.

அப்போது அவள் உதடு அசைந்தது.

"ஒரு மடக்கு, அண்ணி."

பிரவீனாவுக்கு நான் அத்தை. என் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு தங்கைதான். இந்த உலகத்தில் என்னை அண்ணி என்று கூப்பிட வேறு யாரும் கிடையாது.

உடம்பெல்லாம் சில்லிட்டுப் போனது. ஆனால் அதை மீறிக் கோபம் வந்தது. அவளிடம் எனக்கு எப்போதுமே கோபம்தான் முதலில் வரும்.

"ரூபினி! அறிவு இருக்கா உனக்கு? உம் மவடி இது! நீ பெத்த புள்ளடி!"

"ஒரே ஒரு மடக்கு."

"அவளக் கொன்னுருவே!"

"தாகமா இருக்கு அண்ணி."

அந்தக் குரலில் கெட்டது எதுவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காரின் பின்சீட்டிலிருந்து கெஞ்சுமே, அதே குரல். அவளுக்கு மகளும் தெரியவில்லை, உயிரும் தெரியவில்லை. குடிக்க ஒரு தொண்டை மட்டும்தான் வேண்டியிருந்தது.

எனக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, உண்டு. கிட்னி கொஞ்சம் இழுக்கிறது, பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று போன மாதம்தான் டாக்டர் சொல்லியிருந்தார். அதை நினைக்காமல் இல்லை. நினைத்தேன். என் மடியில் கிடந்த பெண்ணின் முகத்தையும் பார்த்தேன். உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

குவளையை எடுத்து நிறைய மொண்டேன்.

"எங்கிட்ட வா" என்றேன். "யோங் பெங்குக்கு வந்துரு. உனக்காக நான் குடிக்கிறேன். ஆனா இவகிட்ட இனிமே வரக் கூடாது. குரல்கூடக் காட்டக் கூடாது. சத்தியமாச் சொல்லு."

சத்தியம் வரவில்லை, உதடு குவளையை நோக்கித்தான் நீண்டது.

நான் குடித்தேன்.

ஒரு குவளை தண்ணீர் உள்ளே போனதே தெரியவில்லை. தொண்டைக்குக் கீழே யாரோ ஏந்திக்கொண்ட மாதிரி இருந்தது. அடுத்த குவளையை மொண்டேன். அதற்கடுத்ததும். பிரவீனா இருமினாள். கண்ணைத் திறந்தாள்.

"அத்தை, ஏன் அழுவுறீங்க?" என்றாள்.

மாதங்கள் ஆகிவிட்டன. பிரவீனா இப்போது எங்களோடு யோங் பெங்கில் இருக்கிறாள். தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த வாரம் போய்விடுவாள். உதட்டில் வெடிப்பு இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள். எப்போது போவாள் என்று நாட்களை எண்ணிக்கொண்டிருப்பது நான்தான். காரணம் அவளுக்குத் தெரியாது. அத்தைக்கு என்னைப் பிடிக்கவில்லையோ என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டாளாம்.

என் மோதிரம் விரலில் ஏறுவதில்லை. கணுக்காலை அழுத்தினால் குழி விழுகிறது, மேலே வர நேரமாகிறது. டாக்டர் என்னைத் திட்டிவிட்டு ஒரு போத்தல் தண்ணீர் கணக்குச் சொன்னார். அந்தப் போத்தலில் கோடு போட்டது பிரவீனா. சிவப்பு நெயில் பாலிஷ்.

"கோடு வரைக்கும்தான் அத்தை. எங்கம்மா மாதிரி திருட்டுத்தனம் பண்ணாதீங்க."

நேற்றுச் சாயங்காலம் சமையலறையில் நின்றிருந்தேன். பிரவீனா கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, ஐஸ் கடிக்காதீங்க லா. பல்லு போயிரும்."

இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. வாய் நிறைய ஐஸ். ஐஸ் தட்டுகளை எட்டாம் நாளுக்கு மறுநாளே நான் குப்பையில் போட்டுவிட்டேன்.

பயந்தேன். ஆனால் ஏன் பொய் சொல்ல வேண்டும், கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. அவள் போனதிலிருந்து எனக்குச் சண்டை போட ஆளில்லை.

"இன்னிக்கு இது போதும்டி" என்றேன் மெதுவாக.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு, அண்ணி."

பதில் என் வாயிலிருந்துதான் வந்தது. மெதுவாக அல்ல. வீடு முழுக்கக் கேட்கும்படி, ரூபினியின் குரலில்.

கூடத்தில் டிவி சத்தம் நின்றது. நாற்காலி தரையில் இழுபட்டது.

"அம்மா?" என்றாள் பிரவீனா.

இரண்டு கைகளாலும் என் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டேன். அவள் காலடிச் சத்தம் சமையலறையை நோக்கி வந்தது. கைக்குள்ளே என் உதடு அசைந்து, "பிரவீ" என்றது.