ஓதம் ஏறிய பின்னறை

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி இரண்டாவது சந்தில் அந்த வீடு. ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நாங்கள் சாமான்களை இறக்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. வீட்டுக்குள் காலை வைத்தால் ஜில்லென்று இருந்தது. ஏசியே வேண்டாம் போலிருக்கிறதே என்று என் கணவர் சுரேஷ்குமார் பெருமையாகச் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். புத்தி கெட்டவள், வேறென்ன சொல்ல?

என் பெயர் எழிலரசி. ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். சுரேஷுக்கு ஓசூரில் வேலை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்துபோவார். மகள் அபிநயாவுக்கு ஆறு வயது. கைக்குழந்தையிலிருந்தே அவளுக்கு இழுப்பு உண்டு. மழைக்காற்று, தூசி, ஊதுபத்திப் புகை, எது பட்டாலும் நெஞ்சு விசிலடிக்கும். அதனால்தான் வீடு பார்த்த அன்றே வீட்டுக்காரர் கண்ணாயிரம் சாரிடம் சுவர் ஓதம் காக்குமா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் ஓய்வு பெற்ற வாத்தியார், கீழ்பென்னாத்தூரில் இருக்கிறார். முன்னால் ஒரு குடும்பம் ஆறு வருஷம் இருந்தது, ஒரு பொட்டு ஈரம் கண்டதில்லை என்று அடித்துச் சொன்னார். அது பொய்யில்லை என்பது எனக்கு ரொம்பப் பிறகுதான் தெரிந்தது.

வீட்டில் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். பின்னறையை ஒட்டி வெளியே பாத்திரம் விளக்கும் இடத்தில், சிமென்ட் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு பிவிசி குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. மேலே மூடி கிடையாது. அதிலிருந்து பாசி வாடை வரும், கரப்பான் பூச்சி வரும். பழைய செப்டிக் டேங்க் குழாயாக இருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். பிளம்பரைக் கூப்பிட்டு மூடி போட்டு, அதற்கு மேல் சிமென்டும் பூசி அடைத்தாயிற்று. வீட்டுக்காரரைக் கேட்கவில்லை. ஒரு குழாய்க்கு எதற்குப் போன் என்று விட்டுவிட்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது.

முதலில் பின்னறைச் சுவரின் அடியில் சாண் உயரத்துக்கு நிறம் மாறியது. பெயின்ட் கொப்பளித்தது, உதிர்ந்தது. நான்கே நாளில் ஓதம் இடுப்பு உயரத்துக்கு ஏறி, அதன்மேல் கறுப்பாகப் பூசணம் பூத்தது. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். இரண்டாம் நாள் திரும்ப வந்தது. பீரோவுக்குள் துணியெல்லாம் நமத்துப்போனது. அபியின் ஸ்கூல் ஷூவுக்குள் பச்சையாக ஏதோ முளைத்தது. தீக்குச்சி பற்றவில்லை. கீஸர் அரை மணி நேரம் ஓடினால் அரை வாளி வெதுவெதுப்பாகத் தரும், அதற்குள் கரன்ட் போகும். போர்வையைப் போர்த்தினால் ஈரத்துணியைப் போர்த்தியது போல் இருக்கும். ஹேர் டிரையர் வைத்துச் சுவரைக் காயவைத்த பொம்பளை திருவண்ணாமலையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கண்ணாயிரம் சாருக்குப் போன் போட்டேன். துணியை வீட்டுக்குள் காயப்போடாதீர்கள் என்றார். போடவில்லை என்றேன். அப்படியானால் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார். திறந்தால் சாரல் உள்ளே அடிக்கிறது என்றேன். மூன்றாவது தடவை, மழைக்காலத்தில் ஈரம் இல்லாமல் வேறென்ன இருக்கும் என்று என்னையே கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் ஒரு பெயின்டரை அனுப்பினார். ஓதம் தாங்கும் பெயின்ட் என்று ஏதோ அடித்துவிட்டுப் போனான். ஒரே வாரத்தில் அது பாலாடை மாதிரி சுருண்டு கையோடு வந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. ஓதம் பிடித்த வீட்டில் வாடை எந்நேரமும் இருக்கும் அல்லவா? இங்கே அப்படி இல்லை. வாடை வரும், நிற்கும், மறுபடி வரும். பாசியும் துருப்பிடித்த இரும்பும் அழுகிய வேப்பிலையும் சேர்ந்த ஒரு வாடை. சுவருக்குப் பக்கத்தில் நின்றால் முகத்தில் லேசாகக் குளிர் படும். ஜன்னல் இடுக்கு வழியாக வருகிறது என்று அங்கே பேப்பர் ஒட்டினேன்.

அபிக்கு இழுப்பு வாரத்துக்கு ஒன்று என்பது போய், தினமும் என்று ஆனது. பின்னறையைத் தாழ்போட்டுவிட்டு ஹாலில் பாய் விரித்தோம். என் கண் மறைந்தால் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு அங்கே போய் உட்கார்ந்துவிடுவாள். எங்கள் ஆஸ்பத்திரிக் குழந்தை டாக்டர் மணிமொழி, நெபுலைசர் மாஸ்க்கை அவள் முகத்தில் வைத்துக்கொண்டே என்னைத் திட்டினார். மருந்து விற்கிற உனக்குத் தெரியாதா, இந்தப் பிள்ளை அந்த வீட்டில் இன்னும் ஒரு மாதம் இருந்தால் நெஞ்சு தாங்காது என்றார்.

வீடு தேடி அலைந்தேன். கார்த்திகையில் காலியாக இருந்த போர்ஷனையெல்லாம் தீபத்துக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டிருந்தார்கள். தீபம் முடிந்ததா, மார்கழி வந்துவிட்டது. மார்கழியில் பால் காய்ச்ச ஒருத்தராவது சாவி கொடுப்பார்களா? எல்லாரும் ஒரே பாட்டு: தை பிறக்கட்டும்மா. என் குழந்தையின் நெஞ்சுக்கு மார்கழியும் தையும் தெரியுமா? போய் நிற்க எனக்கு அம்மா வீடும் இல்லை. சுரேஷ் ஓசூரில் நாலு பேரோடு ஒரே அறையில் படுக்கிறார். நானும் அவளும் அந்தச் சுவரும்தான்.

அரையாண்டு விடுமுறை விட்டிருந்தார்கள். லீவு போட்டு அவளோடு வீட்டில் இருந்தேன். மதியம் மூன்று மணி. மழை விட்டிருந்தது, சந்தில் ஆட்டோக்கள் போய்க்கொண்டிருந்தன. சமையலறையில் அவளுடைய ஈரச் சட்டைகளை இஸ்திரிப் பெட்டியால் காயவைத்துக்கொண்டிருந்தேன். பின்னறையிலிருந்து இழுப்புச் சத்தம் கேட்டது. நெபுலைசரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அபி சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் கன்னம் பூசணத்தின்மேல் பதிந்திருந்தது.

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன்.

சத்தம் அவளிடமிருந்து வரவில்லை.

அவள் வாய் மூடியிருந்தது. நெஞ்சு அசையவில்லை. இழுப்பு மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. நீளமாக, ஈரமாக, தரைக்கு அடியிலிருந்து கிளம்பிச் சுவர் வழியாக ஏறியது.

அது நின்றது.

அபி மூச்சை இழுத்தாள். ஒரே ஒரு மூச்சு. விட்டாள். பிறகு காத்திருந்தாள்.

சுவர் இழுத்தது.

அவள் உதடு நீலம் பூத்துக்கொண்டிருந்தது.

"அபி, மூச்சு விடு. விடுடி."

விரலை உதட்டில் வைத்து என்னை அடக்கினாள். "இரும்மா. அவங்க ஒரு தடவ, நான் ஒரு தடவ."

"யாருடி?"

"அவங்களுக்கு மூச்சு வெளிய போக வழியே இல்லியாம்மா."

அவளைப் பிடித்து இழுத்தேன். ஈரக் காகிதம் பிரிவதுபோல் கன்னம் சுவரிலிருந்து பிரிந்தது. கன்னம் முழுக்கக் கறுப்பு. அப்படியே தூக்கிக்கொண்டு சந்துக்கு ஓடி, கண்ணில் பட்ட முதல் ஆட்டோவில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தும் அவளுக்குச் சரியாகவில்லை. மூச்சு விட்டுவிட்டு நிற்கிறாள், ஏன் நிற்கிறாள் என்று புரியவில்லை என்றார் மணிமொழி டாக்டர். எனக்குப் புரிந்தது. சொன்னால் யார் நம்புவார்கள்? மறுநாள் காலை ஏழு மணிக்கு மேஸ்திரி சுப்பிரமணி வீட்டுக்கு வருவதாக இருந்தது. ஓதத்துக்குப் பூச்சைக் கொத்திப் பார்க்க நான் முன்பே சொல்லி வைத்திருந்த ஆள். அபியை வார்டு சிஸ்டரிடம் விட்டுவிட்டு, அந்தச் சுவரை இடித்துத் தள்ளிவிடுகிற ஆத்திரத்தில் வீட்டுக்குப் போனேன்.

சுப்பிரமணி பூச்சைக் கொத்தி எடுத்தார். செங்கலில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். மறுபடி வைத்தார். அவர் முகம் மாறியது.

இந்த இடத்தில் கிணறு இருந்ததா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். உளியோடு வெளியே போய்ப் பாத்திரம் விளக்கும் இடத்தைப் பார்த்தார்.

"இத யாரும்மா அடச்சது?"

"நான்தாண்ணா."

"கெணத்த மூடுனா மூச்சு விடக் கொழா வெப்பாங்க. அதப் போயி அடச்சிட்டீங்களேம்மா."

எங்கள் பக்கத்திலும் அந்த வழக்கம் உண்டு. எத்தனையோ வீட்டில் பார்த்திருந்தும் எனக்குத் தோன்றவில்லை. அந்தக் குழாயைத்தான் நான் காசு கொடுத்து, சிமென்ட் பூசி அடைத்திருக்கிறேன்.

கண்ணாயிரம் சாருக்குப் போன் போட்டேன். குழாயை அடைத்துவிட்டேன் என்றதும் அவர் துணியைப் பற்றியும் பேசவில்லை, ஜன்னலைப் பற்றியும் பேசவில்லை.

"கெணத்த மூடுன அன்னிக்கி நாங்க கொழா வெக்கல" என்றார் மெதுவாக. "மூணு நாளு எங்க வீட்ல யாராலயும் மூச்சு விட முடியல. அப்புறம்தான் வெச்சோம். உள்ள என்னானு எனக்கும் தெரியாதும்மா."

ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்தினேன்.

"சொன்னா யாரும்மா குடி வருவாங்க?"

போனை அப்படியே வைத்துவிட்டேன். சுப்பிரமணி குழாய்ப் பக்கம் போகத் தயங்கினார். சுத்தியலை அவர் கையிலிருந்து வாங்கி நானே அடித்தேன். வீட்டுக்காரர்மேல் இருந்த கோபம், என்மேல் இருந்த கோபம், எல்லாம் சேர்த்து அடித்தேன். நாலாவது அடியில் மூடி உடைந்தது.

காற்று வந்தது.

பஸ் டயரில் காற்று இறங்குவதுபோல் வந்துகொண்டே இருந்தது. ஐஸ் மாதிரிக் குளிர். அந்த வாடை. ஒரு நிமிஷத்துக்கு மேல் இருக்கும்.

நின்றது.

பிறகு, தரையில் சிதறிக் கிடந்த சிமென்ட் தூள் குழாயைப் பார்த்து மெல்ல நகர ஆரம்பித்தது. நான் பார்த்தேன், சுப்பிரமணியும் பார்த்தார். கூலியைக்கூடக் கேட்காமல் அவர் சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அப்போது வார்டிலிருந்து சிஸ்டர் போனில் கூப்பிட்டார். அபி எழுந்து உட்கார்ந்துவிட்டாள், இட்லி கேட்கிறாள் என்றார். சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதேன்.

நம்பினால் நம்புங்கள், மழைக்கு நடுவில் மூன்றே நாளில் அந்தச் சுவர் காய்ந்தது. தை பிறந்த மறுநாளே போளூர் ரோட்டுப் பக்கம் இரண்டாவது மாடியில் ஒரு வீட்டுக்கு மாறினோம். கிளம்புவதற்கு முன்னால் குழாயின்மேல் பெயின்டால் "அடைக்காதீர்கள்" என்று நானே பெரிதாக எழுதினேன். வீட்டுக்காரர் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். புது வீட்டில் நாள் முழுக்க வெயில். சுவரைத் தட்டினால் டணார் என்று சத்தம் வரும். அபிக்கு ஒரு நாள்கூட இழுப்பு வரவில்லை. நெபுலைசரைத் துடைத்துப் பரண்மேல் போட்டுவிட்டேன். மொட்டை மாடியில் ஓடி விளையாடிவிட்டு வருவாள், மூச்சு வாங்கவே வாங்காது.

மாசியில் மணிமொழி டாக்டர் அவள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார். சுத்தமாக இருக்கிறது, எதற்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுவோம் என்றார். எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் ஸ்ரேயாஸ் பொறுமையான பையன். அவனே சலித்துப்போய் வெளியே வந்தான். மூன்று தடவை எடுத்துவிட்டேன், மூன்றும் கலங்கலாக விழுகிறது, பாப்பா மூச்சைப் பிடிக்கவே மாட்டேன் என்கிறாள் என்றான். எனக்குக் கடைக்குத் திரும்ப நேரமாகிக்கொண்டிருந்தது. கதிர் படாமல் காக்கும் ஈய அங்கியை மாட்டிக்கொண்டு எரிச்சலோடு உள்ளே போனேன்.

அபி எக்ஸ்ரே பலகைக்கு முன்னால் சமர்த்தாக நின்றிருந்தாள்.

"ஏண்டி, அண்ணா சொல்றத கேக்க மாட்டியா? மூச்சப் புடி."

"புடிச்சிட்டுதாம்மா இருக்கேன்" என்றாள், அழுகிற குரலில். "நீயே பாரு."

மூச்சை நன்றாக இழுத்தாள். உதட்டை இறுக்கி மூடினாள். நான் நம்பமாட்டேன் என்று நினைத்தோ என்னவோ, இரண்டு விரலால் மூக்கையும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கன்னம் இரண்டும் உப்பி நின்றன.

நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று.

அவள் நெஞ்சு ஏறியது.

இறங்கியது.

மறுபடி ஏறியது. அவசரமில்லாமல், நீளமாக, பெரியவர்கள் தூங்கும்போது விடுகிற மூச்சு மாதிரி. மூக்கைப் பிடித்த விரல்களை அவள் எடுக்கவே இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஸ்ரேயாஸ் குரல் கொடுத்தான்.

"பாருங்கக்கா, மறுபடியும் விடுறா."