சட்டை போட்ட பூதம்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும், எனக்கு மிச்சமிருக்கிற மூன்று பல்லும் விழுந்துபோகட்டும்.

பாலித் தீவுப் பள்ளி ஒன்றில் நாலாம் வகுப்புச் சுக்கெர்த்தி, மௌன நாளுக்கு முந்தின மாலை நடக்கும் பூத ஊர்வலத்துக்காக வரைந்தது சின்னப் பூதம்தான். ஊரே சேர்ந்து செய்ததில் அது வளர்ந்துவிட்டது. மீனவர் சுலாத்ரா பழைய வலையைத் தலைமுடியாக்கினார். முதல் வகுப்பு வாண்டுகள் நாற்பது பேரும் விரிந்த காகிதக் கைகள் முழுக்கத் தங்கள் உள்ளங்கையைப் பதித்தார்கள். மூக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரு கோழி உள்ளே போய் முட்டையிட்டுவிட்டு வந்தது.

மாலை. மேளம் முழங்கியது. முப்பது பேர் மூங்கில் மேடையோடு பூதத்தைத் தூக்கினார்கள்.

பள்ளி கேட்டில் இரண்டு கைகளும் இடித்தன. கண்ணையும் காதையும் அளந்தவர்கள் கேட்டை அளக்க மறந்திருந்தார்கள்.

"கையை அறுத்துட்டாப் போச்சு," என்று ரம்பத்தை எடுத்தார், தூக்குகிறவர்களின் தலைவர் ரென்டெங்.

"ஐயோ, அது என் கை!" என்று அலறினான் முதல் வகுப்பில் படிக்கும் சுக்கெர்த்தியின் தம்பி நெங்கா.

"என் கையும் அதுலதான் இருக்கு!" நாற்பது வாண்டுகளும் அழத் தொடங்கினார்கள்.

"நாளைக்கு மௌன நாள். யாரும் வெளிய வரக் கூடாது. இன்னிக்கு விட்டா, இதை வகுப்புல உக்காரவெச்சு வாய்ப்பாடா சொல்லிக்கொடுப்பீங்க?" என்றார் ரென்டெங்.

சுக்கெர்த்தி தம்பியின் மூக்கைத் துடைத்தாள். தினமும் காலையில் அவனுக்குச் சட்டை மாட்டிவிடுவது அவள்தான்.

"அண்ணே, ரம்பத்தைக் கீழ போடுங்க! இவனுக்குச் சட்டை போடறப்ப நான் கையையா வெட்டறேன்?"

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா?"

"மொதல்ல ஒரு கை. அப்புறம் தலை. கடைசியா அடுத்த கை. நாற்சந்தியில பூதத்தைச் சுத்துவீங்கல்ல? அதே மாதிரி இங்க சுத்துங்க. ஆனா மெதுவா!"

முப்பது பேரும் சுற்றினார்கள். இடது கை தெருவை எட்டிப் பார்த்தது. தலை சாய்ந்து பின்தொடர்ந்தது. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்!" என்று சுக்கெர்த்தி கத்தக் கத்த, வலது கையும் வெளியே வந்தது. ஒரு விரலும் மடங்கவில்லை. மூக்குக்குள் இருந்த முட்டைகூட உடையவில்லை.

"அடேயப்பா! யாரு செஞ்சது இது?" என்று தெருவே கேட்டது.

"நாங்க!" என்றாள் சுக்கெர்த்தி. "நாங்க!" என்றார்கள் நாற்பது வாண்டுகளும் சுலாத்ராவும். ரம்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, எல்லாரையும்விட உரக்கக் கத்தினார் ரென்டெங்: "நாங்கதான்!"

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பள்ளிக்கு அன்றும் இன்றும் மதிலும் கிடையாது, கேட்டும் கிடையாது. இப்போது எனக்குப் பல்லும் கிடையாது.