வேண்டாதவை

காப்பி பொங்குவதற்கு முன்னால் வேதமுத்து சார் பொங்கிவிட்டார்.

"ஏட்டி கெசியா, இங்கன வா. என்னத்தப் பண்ணித் தொலைச்ச?"

கெசியா அடுப்பைத் தணித்துவிட்டு முன்னறைக்கு வந்தாள். நேற்று வாங்கிய புதுக் கம்ப்யூட்டர் மேசைமேல் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. பதினோரு வருடம் உழைத்த பழையது, பென்ஷன் மறுக்கப்பட்ட ஊழியனைப் போலக் கீழே சுவரோரம் கிடந்தது.

"என்ன ஆச்சுங்க?"

"மெயிலு ஒண்ணையும் காணோம். புதுசத் திறந்தா வெறும் பெட்டி இளிக்கி. பழசத் துடைக்கேன் துடைக்கேன்னு தெனமும் ஈரத்துணிய வச்சுத் தேய்ச்சேல்லா, அதோட அத்தனையும் போச்சு. எனக்கு வந்த பாராட்டெல்லாம் அதுலதான் கெடக்கு. அது இல்லாம என் பாராட்டுப் புஸ்தகத்த எப்படி அச்சடிக்கது?"

ஈரத்துணியில் மெயில் அழியுமா என்று கேட்கலாம். கெசியா கேட்கவில்லை. முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் அவள் கேட்காமல் விட்ட கேள்விகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் பாளையங்கோட்டைத் தேவாலயத்து ஊசிக்கோபுரத்துக்கு மேலே போய்விடும்.

வேதமுத்து சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வாசல் பலகையில் அவர் பெயர் ஒரு வரி, பட்டங்கள் மூன்று வரி. மெயில் கணக்கும் மூன்று: ஒன்று சொந்தத்துக்கு, ஒன்று சபைக் கமிட்டிக்கு, ஒன்று கல்விச் சிந்தனையாளர் என்கிற முறையில் உலகத்துக்கு. உலகம் இதுவரை இரண்டு முறை எழுதியிருந்தது. மூன்றிலும் வருவதை வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் இறக்கிக்கொண்டு, இணையத்தில் ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்காமல் அழித்துவிட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். "எவன் வீட்டுப் பரண்லயோ என் கடுதாசி ஏன் கெடக்கணும்? நம்ம வீட்டுப் பெட்டிக்குள்ள வந்தாத்தான் அது நமக்கு வந்த கணக்கு" என்பார். இறக்கியதைப் போட்டுவைக்கப் பெட்டிகளும் பெயர்களும் அவரே யோசித்து வைத்தவை: சபை, பாராட்டு, இதர, வேண்டாதவை.

அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் கெசியாவுக்கு ஒரே ஒரு வேலைதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அவர் மெயில்களை இறக்குவார். அவள் பின்னால் நின்று கேட்பாள்.

"கரோ எழுதியிருக்காளாங்க?"

"இல்ல. எல்லாம் நீ வளத்த லட்சணம்."

ஆறு வருடமாக இதே கேள்வி, இதே பதில்.

கரோலின் ஒரே மகள். ஆறு வருடத்துக்கு முன்னால், புன்னக்காயல்காரன் ஜெபஸ்டினைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். படகு எஞ்சின் மெக்கானிக், கடற்கரைப் பையன், அதிலும் வேறு சபை. நாலு தலைமுறையாகச் சபையில் முன்வரிசையில் உட்கார்ந்த குடும்பத்துக்கு இது பொறுக்குமா? அன்றைக்கே கரோலின் போன் செய்து அழுதபோது, தலைமையாசிரியர் ஒழுங்கு நடவடிக்கையை அறிவித்தார். "வாய்ப்பேச்சு வேண்டாம். எழுத்துல மன்னிப்புக் கேட்டு மெயில் அனுப்பு. நான் பதில் போடுத வரைக்கும் இந்த வாசல மிதிக்கக்கூடாது. உங்க அம்மைகிட்டப் பேசவும் கூடாது."

போனை வைத்த கையோடு கெசியாவைக் கூப்பிட்டு, பைபிள்மேல் கை வைக்கச் சொன்னார். மகளிடமிருந்து எழுத்து வருகிற வரைக்கும் அங்கே போகமாட்டேன், பேசமாட்டேன் என்று அவள் சத்தியம் செய்தாள். குடும்பம் ஒன்றாக இருந்தால் போதும், மகள் நாலு நாளில் எழுதிவிடுவாள் என்று நினைத்தாள்.

மகள் எழுதவில்லை. "பெத்தவளே எட்டிப் பார்க்கல" என்று சபைப் பெண்கள் முதுகுக்குப் பின்னால் பேசியதைக் கெசியா வாங்கிக்கொண்டாள். சத்தியத்தைப் பற்றி ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சாருக்குக் கெட்ட பெயர். ஒரு கிறிஸ்துமஸ் அன்று, கல்நெஞ்சக்காரி என்று மகளை மனதுக்குள் சபித்தும் இருந்தாள். அதை மட்டும் ஜெபத்தில்கூட இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பத்து மணிக்குத் தஸ்மியா வந்தாள். மேலப்பாளையத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவள். பழைய பெட்டிக்கு உயிர் கொடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"மெயிலு எங்கயும் போகல சார். எல்லாத்தயும் இதுக்குள்ள இறக்கிட்டு அங்கன அழிக்கச் சொல்லியிருக்கீங்க. அப்ப புதுசுல எப்படி வரும்? இதுலருந்துதான் அள்ளிப் போடணும்."

"அப்ப இவ தேய்ச்சதுல அழியல?"

"துணியால தேய்ச்சா அழுக்குதான் சார் போவும்."

சார் கெசியாவின் பக்கம் திரும்பவில்லை. மன்னிப்பு என்பது அவர் வாங்குகிற சமாச்சாரம், கொடுத்துப் பழக்கமில்லை.

தஸ்மியா ஒவ்வொரு பெட்டியாகப் புதியதற்கு மாற்றினாள். 'பாராட்டு' ஒரு நொடியில் முடிந்துவிட்டது. சார் இருமினார்.

"வேண்டாதவையையும் மாத்தணுமா சார்? நாலாயிரத்துச் சொச்சம் கெடக்கு."

"அது குப்பைம்மா. லாட்டரி விழுந்திருக்குன்னு எவனாவது எழுதியிருப்பான். விட்டுரு."

"குப்பைதான். ஆனா ஒரே பேருல அறுபத்தியொண்ணு இருக்கே. கரோலின் வேதமுத்துன்னு."

காப்பி டம்ளருடன் வந்த கெசியா அப்படியே நின்றாள்.

"ஒண்ணையுமே திறக்கல. படிக்காததுதான் இப்படித் தடிச்ச எழுத்துல நிக்கும்" என்ற தஸ்மியா, எதையோ தட்டிப் பார்த்து முகம் மாறினாள். "இந்தப் பேருல எது வந்தாலும் நேரே இதுக்குள்ள தள்ளணும்னு கட்டளை போட்டு வச்சிருக்கு சார். ஆறு வருஷம் முன்னாடி."

கெசியாவுக்கு அந்தச் சாயங்காலம் கண்முன்னால் வந்தது. சத்தியம் வாங்கிய அதே நாள். தஸ்மியாவுக்கும் தெரிந்த பேட்டை எபி கம்ப்யூட்டர் சரிபார்க்க வந்திருந்தான். அவனுக்குத் தேநீர் கொடுக்கும்போது சார் உறுமிக்கொண்டிருந்தார்: "இந்தப் பேரு இனி என் கண்ணுல படக்கூடாது." எபி பயபக்தியுள்ள பையன். சொன்னதைச் செய்துவிட்டான். சாருக்கு ஒரு வாரத்தில் கோபம் ஆறிவிட்டது, சொன்னதும் மறந்துவிட்டது. மெஷின் மறக்கவில்லை. எழுதச் சொன்னவரும் அவர்தான். எழுத்து வரும் வழியை அடைத்தவரும் அவர்தான். அடைத்துவிட்டு, ஆறு வருடம் மகள் எழுதவில்லை என்று மனைவியைத் தின்றார்.

"படிம்மா" என்றாள் கெசியா.

தஸ்மியா சாரைப் பார்த்தாள். முதல் மெயிலைத் திறந்து மெதுவாகப் படித்தாள்.

"அன்புள்ள அப்பாவுக்கு, ஸ்தோத்திரம். நீங்கள் சொன்னபடி எழுத்தில் மன்னிப்புக் கேட்கிறேன். அம்மாவைத் திட்டாதீர்கள். அம்மாவுக்கு எதுவும் தெரியாது."

கல்யாணத்துக்கு மூன்றாம் நாள் வந்தது அது. அடுத்ததில் மறுபடி மன்னிப்பு. பிறகு லில்லி பிறந்த செய்தி. இன்னொன்றில், "சபை அசன விருந்துக்கு வந்து பந்தலுக்கு வெளியே நின்றேன். அம்மா வாளி பிடித்துக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மெலிந்துவிட்டார்கள். உங்கள் பதில் வராமல் பேசக்கூடாதே என்று திரும்பிவிட்டேன்."

கட்டளையை மீறாத பிள்ளையாக வளர்த்துவிட்டோம் என்று கெசியா நினைத்தாள். அதுதான் வினையாயிற்று.

"இரண்டாவது பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது அப்பா. உடம்பும் சரியில்லை. என்னை மன்னிக்க வேண்டாம். அம்மாவை மட்டும் ஒரு வாரம் அனுப்புங்கள்."

கடைசி மெயிலைத் தஸ்மியாவால் படிக்க முடியவில்லை. கெசியாவே குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். போன வருடத்து ஆடி மாதம் வந்தது. "இதற்கு மேல் எழுதினால் உங்களுக்குத் தொந்தரவு. நிறுத்திக்கொள்கிறேன்."

"அந்த எபிப்பயல..." என்று ஆரம்பித்தார் சார்.

"எபி அண்ணன் நீங்க சொன்னதத்தான சார் செஞ்சிருப்பாரு" என்றாள் தஸ்மியா.

அவர் நாற்காலியில் சரிந்தார். கழுத்துக்குக் கீழே சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டிருந்தது இப்போதுதான் கெசியாவின் கண்ணில் பட்டது. திருத்த அவளுக்குக் கை வரவில்லை. உள்ளே போய், இரண்டு சேலையையும் பைபிளையும் ஒரு பையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"எங்க போற? பொறு. முறையா ஒரு பதில் எழுதுதேன். வருத்தம் தெரிவிச்சு எழுதுதேன். அவ பதில் போடட்டும், அப்புறம் ரெண்டு பேருமாப் போவோம்."

"எதுக்குங்க பதிலு? நான் சத்தியம் பண்ணது எழுத்து வார வரைக்கும்தான். மூணாம் நாளே வந்துட்டு. நம்ம வீட்டுப் பெட்டிக்குள்ளதான் இருந்திருக்கு. அதுக்கு மேல விழுந்த தூசிய ஆறு வருஷமா நான்தான் துடைச்சிருக்கேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் சாருக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும்.

"அடுப்பில காப்பி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. அவ்வளவுதான் தூரம். வழி நெடுகத் தாமிரபரணி, ஊர்ச் சாக்கடையெல்லாம் ஏற்றுக்கொண்டு, கூடவே வந்தது. அதற்கும் புன்னக்காயல்தான் போக வேண்டும். யாருடைய பதிலுக்காகவும் அது ஒரு நாள்கூட நின்றதில்லை.

விசாரித்துப் போன வீட்டு வாசலில் ஐந்து வயதுப் பெண் ஒருத்தி சிப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கரோலினின் அதே நெற்றி.

"யாரு வேணும்?"

கெசியா குனிந்து அந்த நெற்றியைத் தொட்டாள். உள்ளேயிருந்து, மீன் கழுவிய கையோடு கரோலின் வந்தாள். ஓடி வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்தலையில் நரை விழுந்திருந்தது.

"அப்பா பதில் போட்டுட்டாங்களாம்மா?"

"இல்லட்டி. உன் கடுதாசி இன்னைக்குத்தான் கெடச்சுது."

"எந்தக் கடுதாசி?"

"அறுபத்தியொண்ணும்."

கரோலின் அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்தாள். கெசியா பையைப் போட்டுவிட்டு அவளை வாரி அணைத்துக்கொண்டாள். மீன் வாடை அடிக்கிற கைகள் முதுகைப் பற்றிக்கொண்டன. இருவரும் வெகுநேரம் அழுதார்கள். லில்லி சிப்பிகளை விட்டுவிட்டு, யார் யாரை அடித்தது என்று தெரியாமல் விழித்தாள்.

"அந்த ரெண்டாவது பிள்ளைய எங்க அடக்கம் பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டாள் கெசியா.

"கோயிலுக்குப் பின்னால. பேரு போடல."

"வா, போவோம்."

எழுந்தபோது பைக்குள் போன் அடித்தது. சார். கெசியா எடுத்துக் காதில் வைத்தாள். பின்னால் பஸ் ஸ்டாண்ட் இரைச்சல்.

"கெசியா, எந்த பஸ்ல ஏறணும்? எனக்கு இந்தப் பக்கமெல்லாம் தெரியல."

வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து வகுப்பு வாசலில் நிற்கிற குரல் அது. கெசியா பதில் சொல்லாமல் போனை மகளிடம் நீட்டினாள். கரோலின் கையைச் சேலையில் துடைத்தாள். ஒரு முறை துடைத்தது போதாமல் மறுபடியும் துடைத்தாள். பிறகு வாங்கிக்கொண்டாள்.

"அப்பா" என்றாள்.

"ரெண்டு பஸ் மாறணும்ப்பா. கையில பேனா இருக்கா? எழுதிக்கிடுங்க."