நலமானி

சனிக்கிழமை பிற்பகல். துணி வெளுக்கும் கடையின் பின்னறையில் டாமினோ ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பேருந்து ஓட்டிய காலத்துக் கதை ஒன்றை ரோஸ்கோ எடுத்துவிட, ஓடெல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், நலமானி லேசாக அதிர்ந்தது. மருந்தைக் குறைக்கிறது என்று அர்த்தம்; கூட்டினால் விடாமல் அதிரும். அவன் அதைப் பொருட்படுத்தவில்லை.

அங்கே கூடும் எல்லோருக்கும் ஒரே நோய். சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து ரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்ளும். எலும்பை உள்ளிருந்து உடைப்பதுபோல் வலிக்கும். மெம்ஃபிஸ் நகரத்தில் அவர்களைப் போன்ற கறுப்பின ஆண்கள் அந்த வலியோடு மருத்துவமனைக்குப் போனால், போதைக்காக நடிக்கிறார்கள் என்று அங்கே வேலை செய்பவர்கள் காதுபடவே பேசியிருக்கிறார்கள். அதனால்தான் நலமானி பொருத்திய அன்று ஓடெல் அழுதான். அதற்குத் தோலின் நிறம் தெரியாது. வலியை நேரடியாக அளக்க யாராலும் முடியாததால், துடிப்பு, மூச்சு, ரத்தத்தில் கலக்கும் சுரப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து, மனிதன் எந்த அளவுக்கு நலமாக இருக்கிறான் என்று அது கணித்தது. நலம் குறைந்தால் வலிமருந்தைக் கூட்டியது; ஏறினால் குறைத்தது.

அன்று மாலையே ஓடெலின் இடுப்பிலும் தொடையிலும் வலி பிடித்துக்கொண்டது. அவசரப் பிரிவுக்குத் தவழாத குறையாகப் போய்ச் சேர்ந்தான். செவிலி திரையைப் பார்த்தாள்.

"நலமானி ரொம்ப நல்லா காட்டுதே சார். இன்னிக்குப் பூரா சந்தோஷமா இருந்திருக்கீங்க."

"வலிக்குதும்மா. கால ஊன முடியல."

"இருக்கும் சார். ஆனா கருவி ஒத்துக்காம நான் மருந்து கொடுக்க முடியாது."

நலம் இறங்கி மருந்து ஊறத் தொடங்கும்வரை அவன் நடைபாதைக் கட்டிலில் விரிப்பைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் ரோஸ்கோ. "ஆட்டத்துக்கு வந்துட்டுப் போனாத்தான் எல்லாருக்கும் வலி தூக்குது," என்றார் அடுத்த முறை சந்தித்தபோது. "நாம ஒண்ணா இருந்தா அது குணமாயிட்டோம்னு நெனச்சுக்குது."

யாரும் சிரிக்கவில்லை. டாமினோக் கட்டைகளைப் பெட்டியில் போட்டுவிட்டுத் தனித்தனியாகக் கலைந்தார்கள். அதன்பிறகு யாரும் யாரையும் தேடிப் போகவில்லை. ஓடெல் பாட்டுக் கேட்பதை நிறுத்தினான். தங்கை வீட்டுக்குப் போவதையும் நிறுத்தினான். மருந்து தடையில்லாமல் ஊறியது. வலி கட்டுக்குள் இருந்தது. சோதனைக்குப் போனபோது மருத்துவர் அவன் தோளைத் தட்டினார்.

குளிர்காலத்தில் ஒரு பகல் ரோஸ்கோவிடமிருந்து அழைப்பு வந்தது. ஓடெல் கைபேசியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். முந்தின நாள்தான் முதுகில் வலி தலைகாட்டியிருந்தது. அந்தக் குரலைக் கேட்டால் சிரிப்பு வந்துவிடும், மருந்து குறைந்துவிடும் என்று பயந்தான். கைபேசி மறுபடி அடித்தது. அதைக் கவிழ்த்து வைத்தான்.

நுரையீரல் அடைத்து ரோஸ்கோ அன்றே இறந்துபோனார்.

கல்லறைத் தோட்டத்தில் நண்பர்கள் ஆளுக்கொரு மரத்தடியில் விலகி நின்றார்கள். ரோஸ்கோவின் மனைவி வெர்னா நேராக ஓடெலிடம் வந்தாள்.

"மூச்சு முட்டறப்போ உங்களத்தான் கூப்பிட்டாரு. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள ஓடெல்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிடறேன்னாரு. மருந்து குறைஞ்சா குறையட்டும்னாரு."

வெர்னா இரு கைகளையும் விரித்தாள். அவள் தோளில் சாய்ந்து அழுதால் நெஞ்சு லேசாகிவிடும் என்று அவனுக்குத் தெரிந்தது. அவன் ஓர் அடி பின்னால் போனான்.

வெர்னா கைகளைத் தாழ்த்தினாள். திரும்பி நடந்தாள்.

எல்லோரும் போனபின் ஓடெல் குழியருகே தனியாக நின்றான். நலமானி விடாமல் அதிர்ந்தது. அது இதுவரை இவ்வளவு மருந்தை விட்டதில்லை. தோள், இடுப்பு, முழங்கால் எங்கும் துளி வலி இல்லை. பல வருடங்களுக்குப் பிறகு முதல்முறையாக, எதையும் பிடித்துக்கொள்ளாமல், அவன் ஈர மண்ணில் மண்டியிட்டான்.