நூற்றைத் தொட்ட சிக்னல்

ஒயரைச் சொருகுவதற்கு முன்பே பெட்டி சிக்னல் நூறு என்று காட்டியது.

கடைக்காரர் அதைப் பார்க்கவில்லை. மேசைக்குப் பின்னால் குனிந்து, கூரையில் இருந்த டிஷ்ஷிலிருந்து இறங்கி வரும் கறுப்பு ஒயரின் நுனியைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். அவள்தான் பார்த்தாள். சோதனைக்கு வைத்திருந்த சின்ன டிவியில் பச்சைக் கோடு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை முட்டிக்கொண்டு நின்றது.

"அண்ணே, இன்னும் ஒயரே மாட்டலையே?"

"பழைய ஞாபகத்துல காட்டும். மாட்டினதும் இறங்கிடும் பாருங்க."

மாட்டினார். இறங்கவில்லை.

அரை மணி நேரமாக அவள் அந்தக் கடையில் நின்றுகொண்டிருந்தாள். மாதக் கட்டணம் கேட்காத ரிசீவர் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்திருந்தார். முதலாவது புத்தம் புதுசு, உள்ளங்கை அளவு. சிக்னல் நாற்பதைத் தாண்டவில்லை. இரண்டாவது நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும். ஐம்பத்தைந்துவரை போய் மூச்சு வாங்கியது. மூன்றாவது இந்தப் பழைய பெட்டி. கறுப்பு, கனம், மேலே வரிசையாகக் காற்றுத் துளைகள்.

"உங்க வீட்டுக்கு எதிர்ல பத்து மாடிக் கட்டடம் ஒண்ணு பாதி வானத்தை முழுங்கிட்டு நிக்குதே," என்றார் கடைக்காரர். "நான்தானே வந்து டிஷ்ஷைத் திருப்பித் திருப்பிக் கழுத்து சுளுக்கிக்கிட்டேன். புதுசு அங்க படம் காட்டாது, கட்டம் கட்டமாத்தான் காட்டும். ஆனா இதை நான் விக்கலாம்னு எடுத்து வைக்கலை. ஒப்பிட்டுக் காட்டத்தான் வச்சேன்."

"ஏன், என்ன குறை?"

"குறைன்னு இல்ல. ஒரு வீட்டைக் காலி பண்ணினப்போ தூக்கிட்டு வந்தது. அங்க ஒரு பெரியம்மா தனியா இருந்தாங்க. செத்துப் பல நாள் கழிச்சுத்தான் பாத்திருக்காங்க. டிவி மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சாம்." மூக்கைச் சுருக்கிக்கொண்டார். "நாலு நாள் வெயில்ல வச்சேன். வாடை போகலை."

அவள் குனிந்து முகர்ந்தாள். புளித்த பாலும் வெல்லமும் கலந்தாற்போல் ஒரு வாடை. அது அவளுக்குப் பழக்கமானதுதான். பல் ஆஸ்பத்திரியில் பதினொரு வருடமாக உதவியாளர். வாரக்கணக்கில் கழற்றாத பல்செட்டைக் கழற்றும்போது இதே வாடைதான் வரும். முகக்கவசத்துக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டால் பத்து விநாடியில் போய்விடும்.

"வாடைக்கெல்லாம் பயந்தா என் பொழைப்பு ஓடுமா, அண்ணே? இதையே கட்டுங்க."

அவள் அவசரம் அவளுக்கு. வீட்டில் மாமா, அதாவது அவள் கணவனின் அப்பா, பக்கவாதம் வந்து எட்டு மாதமாகப் படுக்கையில் கிடந்தார். பேச்சு போய்விட்டது. செய்தி வாசிப்பவர்களைத் திட்டியே நாற்பது வருடம் ஓட்டிய மனிதருக்கு மிஞ்சியது அந்த டிவி ஒன்றுதான். அது ஓடினால் வாயைத் திறப்பார், நின்றால் மூடிக்கொள்வார். போன மாதம் கட்டணம் கட்ட மறந்து, பாதிச் சாப்பாட்டில் படம் போனது. இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். இன்னும் இரண்டு கிலோ குறைந்தால் மூக்கு வழியாகக் குழாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழாய் போட்டால் அவர் அதிக நாள் தாங்கமாட்டார். அதை அவள் கேட்கவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. இருவருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலமே கணவன் பெட்டியை மாட்டினான். பஸ் டிரைவர்; காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலில் ஏறி நின்றான்.

"இனிமே உங்க நியூசை எவனும் புடுங்க முடியாதுப்பா. ஆசை தீரத் திட்டுங்க."

மாமாவின் வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. சானல்களைத் தேட விட்டார்கள். வரிசையாகப் பெயர்கள் விழுந்தன. கடைசியில் பெயரே இல்லாமல் ஒன்று.

மாமா சாப்பிட்டார். கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டார். மசித்த வாழைப்பழம், மசித்த உருளைக்கிழங்கு, பாலில் ஊறிய ரொட்டி, எதை நீட்டினாலும் உள்ளே போனது. நான்கே நாளில் கன்னம் பூசினாற்போல் ஆனது. கணவன் அவளைப் பார்த்த பார்வையில் எட்டு மாதத்துக்குப் பிறகு வெளிச்சம் இருந்தது. அந்த வெளிச்சத்துக்காகத்தான் மற்றதையெல்லாம் அவள் சொல்லாமல் விட்டாள்.

பெட்டி வியர்த்தது. சூடாவது சகஜம், இது வியர்த்தது. காற்றுத் துளைகளின் விளிம்பில் முத்து முத்தாக ஈரம் கோத்து நிற்கும். துணியால் ஒற்றினால் பிசுபிசுவென்று இழை இழையாக இழுபடும். கையை எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் விரல் இடுக்கில் அந்தப் புளித்த வாடை ஒட்டிக்கொண்டிருக்கும். அதே விரலால்தான் மாமாவுக்கு மசித்துக் கொடுப்பாள். சுவரோரமாக எறும்பு வரிசை ஒன்று பெட்டிக்குள் போனது. இரண்டு நாள் பார்த்தாள். போன எறும்பு எதுவும் திரும்பி வரவில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் சமையலறையிலிருந்து கிண்ணத்தோடு வந்தபோது, டிவியில் செய்தி இல்லை. பெயரில்லாத சானல் ஓடிக்கொண்டிருந்தது. ரிமோட் அலமாரியின் மேலே, மாமாவுக்கு எட்டாத இடத்தில் இருந்தது.

திரை முழுக்கக் கருஞ்சிவப்பு. ஏதோ பளபளத்தது, மெதுவாக ஏறி இறங்கியது. ஈரமான மூச்சின் சத்தம். நடுவில் ஒரு களக். மறுபடி மூச்சு. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு நாளைக்கு முப்பது வாய்க்குள் பார்ப்பவள். சீழும் ரத்தமும் அவளை ஒன்றும் செய்ததில்லை. இது செய்தது. ஏதோ மருத்துவ சானல் என்று சொல்லிக்கொண்டு மாற்றினாள்.

மாமா வாயை மூடிக்கொண்டார்.

"மாமா, இந்தக் கண்றாவியைப் பாத்துக்கிட்டா சாப்பிடப்போறீங்க? நல்ல நியூஸ் ஓடுது, பாருங்க, உங்க எதிரி வாசிக்கிறார்."

உதடு அசையவில்லை. ஆனால் அவர் கண்கள் கெஞ்சின. எதற்கு என்றுதான் புரியவில்லை. குழாய் ஞாபகம் வந்தது. சரி, சனியன், ஓடிவிட்டுப் போகட்டும். திரும்பவும் வைத்தாள். ஸ்பூனை நீட்டினாள்.

மாமா வாயைத் திறந்தார்.

டிவியில் வெளிச்சம் வந்தது.

கருஞ்சிவப்பு இரண்டாகப் பிளந்தது. மேலே ஒரு பல்வரிசை, கீழே ஒரு பல்வரிசை. அவற்றுக்கு நடுவே, வெளியே, ஒரு டியூப்லைட். ஒரு ஸ்பூன். ஸ்பூனுக்குப் பின்னால் ஒரு பெண் முகம்.

அவள் முகம்.

ஸ்பூனைப் பின்னுக்கு இழுத்தாள். திரையிலும் அது பின்னுக்குப் போனது. மேல்வரிசையில் இடப்பக்கம் இரண்டு பல் காலி. கடைவாயில் வெள்ளி அடைப்பு. மாமாவுக்கு அந்த அடைப்பைப் பல் டாக்டர் வைத்தபோது எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்திருந்தது அவள்தான்.

ஓடிப்போய்ப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். டிஷ் ஒயரைத் திருகிக் கழற்றினாள். படம் போகவில்லை. கீழே பச்சைக் கோடு. நூறு.

கடையில் பார்த்தாளே. ஒயர் இல்லாமலே நூறு. இந்தப் பெட்டி வானத்திலிருந்து எதையும் வாங்கவில்லை.

மாமாவின் வாய் திறந்தே இருந்தது. தாடை நடுங்கியது, மூட முடியவில்லை. கண்ணோரம் நீர் வழிந்தது. டிவியில் பற்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. படம் நகர்ந்தது. உள்ளேயிருந்து, வெளியே.

வேறொருத்தியாக இருந்தால் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடியிருப்பாள். அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். வாய்க்குள் ஏதோ இருக்கிறது என்றால் பார்த்து எடுக்க வேண்டும். கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்தாள். டார்ச்சை எடுத்தாள். குனிந்தாள்.

"ஒண்ணுமில்ல மாமா. நான் இருக்கேன்ல. ஆ காட்டுங்க. இன்னும் பெருசா. ஆ..."

யாரையாவது ஆ காட்டச் சொன்னால் சொல்கிறவர் வாயும் திறக்கும். குழந்தைக்கு ஊட்டும் எந்தத் தாயைப் பார்த்தாலும் தெரியும். அவளுக்கும் அந்தப் பழக்கம். ஆஸ்பத்திரியில் முகக்கவசம் மறைத்துவிடும். இங்கே கவசம் இல்லை.

கண்ணாடியில் நாக்கு தெரிந்தது. வெள்ளை படர்ந்த, வறண்ட நாக்கு. அதற்குப் பின்னால் இன்னொன்று. நாக்கின் நிறம். நாக்கு இல்லை. நுனியில் ஒரு சிறு பிளவு, அது திறந்து மூடியது, உள்ளே மசித்த வாழைப்பழம் ஒட்டியிருந்தது.

அது திரும்பியது.

மாமா இருமினார்.

வெதுவெதுப்பாக, வழவழவென்று, ஒரு பட்டாணி அளவுக்கு. அவள் வாய்க்குள். துப்ப நினைத்தாள். தொண்டை அதற்குள் விழுங்கிவிட்டது. களக்.

புளித்த பால். வெல்லம்.

"போயிடுச்சு," என்றார் மாமா.

எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் சொல். அவர் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார்.

அவள் விரலை விட்டாள். இரண்டு விரல், தொண்டைவரை. ஒன்றும் வரவில்லை. டிவியில் இரண்டு விரல்கள் மரக்கட்டை போலப் பெரிதாக உள்ளே வந்தன. ஒன்றில் அவள் மோதிரம்.

வாயை மூடினாள். திரை இருண்டது. பல்லோடு பல்லை இறுக்கினாள். நாக்கின் அடியில் ஒன்று புரண்டது.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம்.

"அப்பா சாப்பிட்டாரா?" என்று கேட்டபடியே கணவன் உள்ளே வந்தான். பெட்டி ஒரு பக்கம், ஒயர் ஒரு பக்கம், கவிழ்ந்த கிண்ணம் ஒரு பக்கம். "என்ன கூத்து இது?"

"வே... வேணாம்டா," என்றார் மாமா.

அவன் அப்படியே நின்றான். "அப்பா! பேசுறீங்களாப்பா? ஏய், அப்பா பேசுறார்டி!"

"கிட்ட... போகாத..."

மகன் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. சிரிப்பும் அழுகையுமாக அவள் பக்கம் திரும்பினான். அவள் சுவரில் ஒட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கி, தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள். கையை நீட்டி அவனைத் தள்ளினாள். கன்னம் உப்பியிருந்தது. கண்ணீர் தாரைதாரையாக வழிந்தது.

"என்னடி, பல்லு வலியா? ஊர் உலகத்துப் பல்லையெல்லாம் பாத்துட்டு உன் பல்லைக் கோட்டை விட்டுட்டியா? இரு, இரு, தள்ளாத."

அவள் கன்னங்களை இரண்டு கையாலும் பிடித்தான். அன்பாகத்தான் பிடித்தான். உள்ளேயிருந்து ஏதோ பற்களை நெம்பியது. மெல்ல. அவசரமே இல்லாமல்.

"ஒண்ணும் பயப்படாத. ஆ காட்டு. நான் பாக்குறேன். ஆ..."

இருண்ட திரையில் ஒரு கோடு வெளிச்சம் விழுந்தது. கோடு அகன்றது. இரண்டு பல்வரிசைகளுக்கு நடுவே கணவனின் முகம். குனிகிறது. இன்னும் கிட்டே. அவன் வாயும் திறந்திருந்தது.

படம் அதை நோக்கி நகர ஆரம்பித்தது.